நிலைகுலையாத விமானம்



பழைய பொருள்களைக் கண்ணாற் கண்டு சரித்திரம் அறிவது ஒரு வழி. அவற்றைப் போன்ற ஒன்றை நம் கையாலேயே செய்துபார்த்து அறிவது இன்னொரு வழி. ஏட்டிலே பலமுறை படித்தும் மனத்திற் பதியாத ஓர் உண்மை, விரல்களிலே பசையும் நூலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில் ஒரு கணத்தில் விளங்கிவிடுவதுண்டு. அவ்வாறு எனக்கு விளங்கிய ஒரு சரித்திரத்தையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சென்ற மாரிகாலத்தில், வெளியே செல்ல இயலாத மாலைப்பொழுதுகளைக் கழிக்கும் பொருட்டு, நானும் என் தங்கையின் மகனும் ஒரு விமானத்தின் மாதிரியைக் கட்டத் தொடங்கினோம். இக்காலத்து ஜெட் விமானம் அன்று அது. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு அடுக்கு இறக்கைகளும், அவற்றின் இடையே தூண்களும் கம்பிகளும் கொண்ட பழைய போர் விமானம். முதலாம் உலக மகாயுத்தத்தில் பிரித்தானியப் படைகள் பயன்படுத்திய பி. ஈ. 2 சி என்பது அதன் பெயர். உண்மை விமானத்தின் ஓர் அடி எங்கள் மாதிரியில் அரை அங்குலம். ஆகவே, 37 அடி அகன்ற இறக்கை எங்கள் மேசையின்மீது 18½ அங்குலமாகச் சுருங்கிற்று.

வேலை எளிதாகவே ஆரம்பித்தது. உடற்பகுதிக்கு நான்கு நெடுஞ்சட்டங்கள். அவற்றைப் பிணைக்கக் குறுக்குச் சட்டங்கள். இறக்கைகளுக்கு விலா எலும்புகள் போன்ற மெல்லிய வளைசட்டங்கள். உண்மை விமானத்திலும் மரச்சட்டமே எலும்பு. அதன்மேல் லினன் துணியைப் போர்த்து, துணி இறுகி விறைப்பதற்காக டோப் என்னும் மெருகைப் பூசினார்கள். நாங்கள் துணிக்குப் பதிலாகப் பட்டம் கட்டும் மெல்லிய தாளை ஒட்டினோம். பட்டம் கட்டிப் பழகிய கைகளுக்கு அது பெரிய காரியமன்று.

கஷ்டம் வந்தது கம்பி கட்டும்போது. இறக்கைகளின் இடையே பக்கத்துக்கு நான்காக எட்டுத் தூண்கள்; நடுவிலே உடலுக்கு மேல் இன்னும் நான்கு. இத்தூண்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். இவற்றுள் ஒருவகை, விமானம் பறக்கும்போது இறக்கைகள் மேனோக்கி மடிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பவை. மற்றொருவகை, விமானம் தரையில் நிற்கும்போது இறக்கைகள் தம் பாரத்தால் தொய்ந்துவிடாமல் தாங்குபவை. மூன்றாவது வகை, முன் தூணையும் பின் தூணையும் குறுக்கே பிணைத்து, இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காப்பவை. ஒரு நூலைச் சற்று அதிகமாக இழுத்தால் எதிர்ப்பக்கத்து நூல் தளர்ந்துவிடும். பட்டத்துக்கு முச்சை கட்டுவோர் இந்த நுட்பத்தை அறிவார்கள். மூன்று மாலைகள் எங்களுக்கு இந்த நூல்களோடே கழிந்தன.

நூல்களெல்லாம் கட்டி முடிந்தபின், களிமண்ணால் இரண்டு சிறு மனித உருவங்களைச் செய்து ஆசனங்களில் வைத்தோம். பின் ஆசனத்தில் விமானி. முன் ஆசனத்தில் அவதானி, அதாவது கீழே நடப்பவற்றை நோக்கிக் குறிப்பெடுப்பவர். விமானத்தின் துப்பாக்கியும் அவர் பொறுப்பே. மருமகன் தென்னை ஈர்க்கில் ஒரு துண்டை ஒடித்து, அவதானியின் கையிலே துப்பாக்கியாக வைத்தான். பிறகு ஈர்க்கை முன்னே திருப்பினான், சுழல்விசிறி தடுத்தது. மேலே திருப்பினான், மேல் இறக்கை தடுத்தது. கீழே திருப்பினான், கீழ் இறக்கை. பக்கவாட்டில் திருப்பினான், தூண்களும் நூல்களும். பின்னே திருப்பினான், விமானியின் தலை.

"மாமா, சுடுகிற ஆளை ஏன் இந்தக் கூட்டுக்குள்ளே இருத்தினார்கள்?" என்று கேட்டான்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் கேட்ட இந்த வினாவை 1915ஆம் ஆண்டிலே பிரான்சின் வானில் எத்தனையோ இளைஞர்கள் தம்முயிரைப் பணயம் வைத்துக் கேட்டார்கள். அதற்கு விடை காண நாம் சிறிது பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இங்கிலாந்திலே ஃபார்ன்பரோ என்னும் இடத்தில், இராணுவத்துக்குப் பலூன்கள் செய்து கொடுத்துவந்த அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1911ஆம் ஆண்டில் அதற்கு விமானங்களைப் பழுதுபார்க்க உரிமை இருந்ததேயன்றிப் புதிதாகச் செய்ய உரிமை இருக்கவில்லை. அங்கே பணிபுரிந்த ஜெஃப்ரி டி ஹவிலண்ட் என்னும் இளம் பொறியியலாளரும் அவருடைய தலைவர் மேர்வின் ஓகோர்மனும் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் இராணுவத்துக்கு நன்கொடையாக அளித்திருந்த பிரெஞ்சு விமானம் ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதைப் "பழுதுபார்த்து" வெளியே கொண்டுவந்தபோது, பழைய விமானத்தில் எஞ்சியிருந்தவை அதன் எஞ்சினும் அதனைக் குளிர்விக்கும் பாகமும் மாத்திரமே. மற்றவை யாவும் புதியவை! இவ்வாறு பிறந்ததே பி. ஈ. 1. அது 1911 டிசெம்பரில் பறந்தது. அதை ஒட்டி எழுந்த பி. ஈ. 2, 1912 பெப்ரவரியில் பறந்தது.

அவ்வாண்டு ஓகஸ்டில், சாலிஸ்பரிச் சமவெளியில், இராணுவத்துக்கு ஏற்ற விமானத்தைத் தெரிவுசெய்ய ஒரு போட்டி நடைபெற்றது. ஓகோர்மன் நடுவர்களுள் ஒருவராக இருந்தமையால் அவருடைய தொழிற்சாலையின் விமானம் போட்டியிற் சேர இயலவில்லை. எனினும், போட்டிக்குப் புறம்பாக அது பறந்து காட்டியது. ஒருவரை ஏற்றிக்கொண்டு 10,560 அடி உயரம் சென்று பிரித்தானியாவில் புதிய சாதனையும் நாட்டியது. பரிசு வேறொருவருக்குச் சென்றது. இராணுவத்தின் கட்டளைகளோ பி. ஈ. 2க்கு வந்தன.

அக்காலத்தில் இராணுவத் தலைவர்கள் விமானத்திடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதை இங்கே நாம் நினைவிற் கொள்ளவேண்டும். வானத்திலே விமானங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் என்பது அவர்களுடைய கவலையாக இருக்கவில்லை. குதிரைப்படை செய்துவந்த வேவுப்பணியை இன்னும் உயரத்திலிருந்து செய்வதற்கு ஒரு கருவி, படையின் கண்ணாக ஒரு கருவி, அதுவே அவர்கள் வேண்டியது. கண் நன்றாகக் காணவேண்டுமாயின் அது ஆடாமல் இருக்கவேண்டுமல்லவா? ஆகவே, காற்றடித்தாலும் நிலைகுலையாது, விமானி கையெடுத்தாலும் நேரே செல்லக்கூடிய விமானம் தேவைப்பட்டது.

இந்தப் பணியை மேற்கொண்டவர் எட்வர்ட் பஸ்க். கேம்பிரிட்ஜில் பயின்றவர். வெறுங் கணக்கோடு நின்றுவிடாது, தாமே விமானம் ஓட்டக் கற்று, தம் கணக்கை வானிலே சோதித்தவர். இரண்டு இறக்கைகளையும் நுனிப்பக்கம் சற்றே மேனோக்கிச் சாய்த்தமை, மேல் இறக்கையைக் கீழ் இறக்கைக்குச் சற்று முன்னே தள்ளியமை, வாலிலே நிலையான துடுப்பொன்று நிறுத்தியமை ஆகியவற்றால் அந்த உறுதி கிட்டிற்று. இறக்கையையே முறுக்கித் திருப்பும் பழைய முறையும் போய், கீல் பொருத்திய மடல்கள் வந்தன. இதுவே பி. ஈ. 2 சி. 1914 ஜூனில் மேஜர் பிராங்கர் என்பவர் இதில் ஏறி ஃபார்ன்பரோவிலிருந்து நெதர்ஏவன் என்னும் இடத்துக்குப் பறந்தார். உயரத்தை அடைந்தபின், இறங்கும் வேளை வரையில், அவர் இயக்குகோலைத் தொடவேயில்லை. கீழே தெரிந்த நாட்டுப்புறத்தைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டே சென்றார்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் வியந்தான். "அப்படியானால் இது நல்ல விமானந்தானே?" என்றான். ஆம், நல்ல விமானமே. அதைச் செய்தவர்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது மிகச் சரியான விடை.

அவதானி முன்னே அமர்ந்ததற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. எங்கள் மாதிரியையே கொண்டு அதைச் சோதித்தோம். மேல் இறக்கையின் நடுவிலே நூல் கட்டி விமானத்தைத் தொங்கவிட்டோம். முன் ஆசனத்திலிருந்த களிமண் உருவத்தை எடுத்தோம். விமானம் ஏறக்குறைய மட்டமாகவே நின்றது. பின் ஆசனத்து உருவத்தை எடுத்தோம். உடனே மூக்குத் தாழ்ந்தது. முன் ஆசனம் விமானத்தின் பாரமையத்தின் அருகே இருக்கிறது. விமானி என்றும் இருப்பவர். அவதானியோ சில வேளைகளில் வராமலும் இருப்பார். குண்டு ஏற்றவேண்டுமாயின் அவரை இறக்கிவிடவேண்டும். இரண்டையும் தூக்கும் வலு அந்த எஞ்சினுக்கு இல்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் சமநிலை மாறாதிருக்கவே அவரை முன்னே இருத்தினார்கள். துப்பாக்கியை எண்ணாதவரையில் அது குற்றமற்ற ஏற்பாடு.

யுத்தம் மூண்டது. 1914 ஓகஸ்ட் 13ஆம் திகதி, யுத்தம் தொடங்கியபின் பிரான்சில் வந்திறங்கிய முதற் பிரித்தானிய விமானம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. லெப்டினன்ட் ஹார்வி கெல்லி அதை அமியன் நகரில் இறக்கினார். 1915 ஏப்ரில் 26ஆம் திகதி, றோட்ஸ் மூர்ஹவுஸ் என்னும் விமானி, பி. ஈ. 2 பி ஒன்றிலே தனியே சென்று, பெல்ஜியத்தின் கோர்ட்ரை இரயில் சந்திமீது 100 இறாத்தல் குண்டொன்றை வீசினார். குறி தவறாதிருக்க 300 அடி வரையில் தாழ்ந்தார். தரையிலிருந்து வந்த குண்டுகள் அவரைத் துளைத்தன. அந்நிலையிலும் விமானத்தைத் தம் தளத்துக்குக் கொண்டுவந்து, அறிக்கையைச் சொல்லி முடித்த பின்பே சிகிச்சைக்கு இசைந்தார். மறுநாள் உயிர் நீத்தார். வான்போருக்காக விக்டோரியாச் சிலுவை பெற்ற முதல்வர் அவரே.

இதற்கு முன்பே, 1914 நவம்பர் 5ஆம் திகதி, எட்வர்ட் பஸ்க் தாம் உருவாக்கிய விமானம் வானிலே தீப்பற்றியதால் மாண்டுபோனார். அவருக்கு வயது 28. தம் சிருஷ்டிக்கு நேரவிருந்ததை அவர் காணவில்லை.

நேர்ந்தது என்ன? 1915ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜேர்மனியர் ஃபொக்கர் என்னும் ஒற்றை இறக்கை விமானத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தனர். அதன் சிறப்பெல்லாம் அதன் துப்பாக்கியிலே இருந்தது. சுழலும் விசிறியின் அலகுகளுக்கு இடையே குண்டு செல்லும்படி, எஞ்சினோடு இணைந்து சுடும் பொறி அதில் பொருத்தப்பட்டிருந்தது. விமானத்தையே குறியாகத் திருப்பிச் சுடலாம். அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி, பின்னர் பெரும் புகழ்பெற்ற மக்ஸ் இம்மெல்மன் பெற்ற முதல் வெற்றி ஒரு பி. ஈ. 2 சிமீதுதான். அது டூஏ நகரின் விமானத்தளத்தைக் குண்டெறிந்து தாக்க வந்தது. ஆதலால் அதில் அவதானி இல்லை. விமானி தனியே இருந்தார். காயமுற்று இறங்கிச் சிறைப்பட்டார்.

அவதானி உடனிருந்தபோதும் நிலைமை அதிகம் மாறவில்லை. அவருடைய ஆசனத்தைச் சுற்றிப் பல இடங்களில் துப்பாக்கியைத் தாங்கும் கொளுவிகள் இருந்தன. பகைவன் வரும் திசையைக் கண்டு, பாரமான துப்பாக்கியைத் தூக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவேண்டும். ஆசனத்தின்மீது மண்டியிட்டுப் பின்னோக்கித் திரும்பி, விமானியின் தலைக்கு மேலாகச் சுடவேண்டும். தம் சொந்தக் கம்பிகளையும் தூண்களையும் வாலையும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இவையெல்லாம் சில நொடிகளுக்குள்!

விமானியாவது வளைந்து நெளிந்து தப்பலாமே என்று நேயர்கள் எண்ணக்கூடும். அங்கேதான் இக்கதையின் துயரம் இருக்கிறது. காற்றால் நிலைகுலையாத அந்த விமானம், விமானியின் கைக்கும் எளிதில் வளைந்து கொடுக்கவில்லை. நேரே செல்வதற்கென்றே பிறந்த யந்திரம் அது. திடீரெனத் திருப்பினால், திரும்பத் தயங்கும். மீண்டும் மட்டத்துக்கு வரவே முயலும். அதன் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 72 மைல்தான். எந்தக் குணத்துக்காக அதைப் புகழ்ந்தார்களோ, அந்தக் குணமே அதைப் பகைவனின் கையிலே ஒப்புக்கொடுத்தது.

1916 ஜனவரியில், வேவு பார்க்கச் செல்லும் ஒவ்வொரு விமானத்துக்கும் குறைந்தது மூன்று போர் விமானங்கள் துணையாகச் செல்லவேண்டும் என்று தலைமையகம் கட்டளையிட்டது. அதாவது, ஒரு கண்ணைக் காக்க மூன்று காவலர்! அவ்வாண்டு மார்ச்சில், பாராளுமன்றத்திலே பெம்பர்ட்டன் பில்லிங் என்னும் உறுப்பினர் எழுந்து, நம் விமானிகள் போரிற் சாகவில்லை, கொலையுண்கிறார்கள் என்ற கருத்தில் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். விசாரணைகள் நடந்தன. அவருடைய குற்றச்சாட்டு மிகையானது என்பதும் புலனாயிற்று. எனினும், அவ்வாண்டிலேயே ஓகோர்மன் தம் பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. குறை வெளிப்பட்ட பின்பும் அந்த விமானம் களத்தைவிட்டு உடனே நீங்கவில்லை. பல தனியார் நிறுவனங்கள் அதன் வரைபடங்களைப் பெற்று, தொழிலாளரைப் பழக்கி, செய்முறைகளை அமைத்துவிட்டிருந்தன. பழுதுபார்ப்போரும் விமானிகளும் அதிலேயே பயின்றிருந்தனர். படைக்கு வேண்டிய தொகையோ நாளுக்கு நாள் பெருகிற்று. புதியதொன்றை வரைந்து, சோதித்து, பல தொழிற்சாலைகளிற் செய்விக்கும் வரையில், கையிலிருப்பதையே அனுப்பினார்கள். இவ்வாறு அதன் எல்லா வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3,500 விமானங்கள் செய்யப்பட்டன. 1917 ஏப்ரிலில், அராஸ் போர் நடந்த வேளையில், பிரித்தானியர் ஒரே மாதத்தில் 245 விமானங்களை இழந்தனர். அவற்றுள்ளும் பி. ஈ. 2 வகை பல இருந்தன. விமானப்படை வரலாற்றில் அந்த மாதத்துக்கு "இரத்த ஏப்ரில்" என்றே பெயர் வழங்கலாயிற்று.

இத்தோடு நிறுத்தினால், அந்த விமானத்துக்கும் அதைச் செய்தவர்களுக்கும் நாம் அநீதி இழைத்தவர்களாவோம்.

1916 செப்டெம்பர் 3ஆம் திகதி அதிகாலை. இலண்டன் நகரின் வானிலே ஜேர்மன் ஆகாயக் கப்பல்கள். பல மாதங்களாக அவை இரவிலே வந்து குண்டெறிந்து சென்றன. அவற்றைத் தடுக்க வழியின்றி மக்கள் கலங்கியிருந்தனர். அந்த இரவிலே லெப்டினன்ட் லீஃப் றொபின்சன் தனியே வானில் இருந்தார். அவர் ஏறியிருந்தது ஒரு பி. ஈ. 2 சி; அதன் இலக்கம் 2693. அவதானியின் ஆசனம் வெறுமையாக இருந்தது. மேல் இறக்கைக்கு மேலாகச் சுடும்படி துப்பாக்கி விமானியின் முன்னே பொருத்தப்பட்டிருந்தது. தீப்பற்றச் செய்யும் புதுவகைக் குண்டுகள் அதில் நிரப்பப்பட்டிருந்தன. எஸ். எல். 11 என்னும் கப்பலை அவர் அணுகி, இரண்டு உருளை நிறைந்த குண்டுகளை அதன் நீளம் முழுவதும் சுட்டார். பயனில்லை. மூன்றாவது உருளையைக் கப்பலின் பின்புறத்தில் ஒரே இடத்திற் செலுத்தினார். உள்ளே ஓர் ஒளி தோன்றிற்று. சில கணங்களில் கப்பல் முழுவதும் எரிந்து, கஃப்லி என்னும் கிராமத்தருகே வீழ்ந்தது. இலண்டன் மாநகரத்து மக்கள் வீதிகளில் நின்று அதைக் கண்டு ஆரவாரித்தனர். கப்பலில் இருந்த 16 பேரும் மாண்டனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. றொபின்சனுக்கு விக்டோரியாச் சிலுவை வழங்கப்பட்டது.

பகலிலே தன் விமானிகளைக் கைவிட்ட அதே விமானம், இரவிலே எவ்வாறு வென்றது? அதே குணத்தால்தான். இருளிலே தொடுவானம் தெரியாது. மேல் எது கீழ் எது என்று விமானிக்குத் தடுமாற்றம் உண்டாகும். அவ்வேளையில், தானே மட்டமாகச் செல்லும் விமானத்தைப் போல நம்பத்தக்கது வேறில்லை. துப்பாக்கியின் உருளையை மாற்றுவதற்கு இரண்டு கைகளையும் எடுத்தாலும் அது நிலைகுலையாது. அன்றியும், பருத்த ஆகாயக் கப்பலைத் துரத்துவதற்குப் பருந்தைப் போல் வளையவேண்டிய அவசியமில்லை. பஸ்க் தந்த வரம் அங்கே வரமாகவே நின்றது.

ஆகவே, பி. ஈ. 2 சி நல்ல விமானமா, தீய விமானமா என்று கேட்பது பொருந்தாது. ஒரு யந்திரம் என்பது ஒரு கேள்விக்கு மனிதன் அளித்த விடை. 1912இல் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. 1915இல் வானம் கேட்ட கேள்வி வேறொன்று. கேள்வி மாறிய பின்னும் பழைய விடையையே மேலும் மேலும் அச்சிட்டு அனுப்பியதுதான் பிழை. அப்பிழைக்கு விலை கொடுத்தவர்கள், வரைபடம் வரைந்தவர்களும் அல்லர், கட்டளையிட்டவர்களும் அல்லர். கம்பிகளுக்கிடையே அமர்ந்திருந்த இருபது வயது இளைஞர்கள்.

றொபின்சன் ஓட்டிய விமானத்தோடு ஒரே வரிசையில் இலக்கமிடப்பட்ட 2699 என்னும் பி. ஈ. 2 சி இன்றும் அழியாமல் இருக்கிறது; பிரித்தானியாவின் இம்பீரியல் போர் நூதனசாலை அதைப் பேணி வருகிறது. அதை நேரிற் காண்பவர்கள் முதலில் முன் ஆசனத்தை நோக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அதில் அமர்ந்து நாற்புறமும் பார்ப்பதாக ஒரு கணம் எண்ணிப்பார்த்தால், பெரிய நூல் ஒன்றைப் படித்த பயன் கிட்டும்.

எங்கள் மாதிரி இப்போது என் மேசைக்கு மேலே நூலிலே தொங்குகிறது. காற்று வீசினால் சற்றே திரும்பி, மீண்டும் மட்டமாக நிற்கிறது. வேலை முடிந்த அன்று, மருமகன் அவதானியின் களிமண் உருவத்தைத் தன் விரல்களால் மெல்ல எடுத்தான். "இவர் இறங்கட்டும், மாமா. விமானம் சாயாதுதானே?" என்றான். சாயவில்லை. அந்தச் சிறு உருவம் இன்று என் மேசையின்மீது, புத்தகங்களின் அருகே, தரையிலே பத்திரமாக இருக்கிறது.